எட்டுக்காலுக்கு வைத்தியம்: சேலையூர் முதல் பள்ளிக்கரணை வரை

2021 ஜூலை மாசம் போலந்து நாட்டுல இருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. போய்ச் சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. விமான நிலைய சுங்கத்துறை அதிகாரிகள் சந்தேகப்பட்டுப் பிரிச்சா உள்ளே ஒரு தெர்மாகோல் பெட்டி. அதுக்குள்ளே சில்வர் பேப்பரும் பஞ்சும் சுத்தின சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். மொத்தம் 107. ஒவ்வொண்ணுலயும் உயிரோட ஒரு சிலந்தி!

இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்து ஆட்களும் வனவிலங்கு குற்றத் தடுப்புப் பிரிவு ஆட்களும் வந்து பார்த்தாங்க. டரான்டுலா வகை, அதுலயும் மெக்சிகோ பக்கத்து 'பிராக்கிபெல்மா' மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்க. அடுத்து கால்நடை தனிமைப்படுத்தல் துறை. இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றிதழும் இல்லை, அதனால வந்த ஊருக்கே திருப்பி அனுப்புங்கன்னு அவங்க பரிந்துரை. பார்சல் தபால் துறை கைக்குப் போச்சு. செய்தி அத்தோட முடிஞ்சது.

படிச்ச நிறைய பேர் '107 எட்டுக்கால் பூச்சியா'ன்னு சிரிச்சுட்டு அடுத்த செய்திக்குப் போயிருப்பாங்க. எனக்கு அந்த உடல்நலச் சான்றிதழ் மேட்டர்தான் மண்டைக்குள்ள நின்னது. சிலந்திக்கு உடம்பு சரியில்லாம போகுமா? போனா யாருக்குத் தெரியும்? வைத்தியம்னு ஒண்ணு இருக்கா? இதைத் தேடப் போனா கதை தாம்பரத்தைச் சுத்தியே வருது மக்கா. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம பக்கத்து வீடுகள்ல பாத்ரூம் சுவத்துல தட்டையா, பழுப்பா, உள்ளங்கை அகலத்துக்கு ஒண்ணு உட்கார்ந்திருக்குமே, சமயத்துல வயித்துக்குக் கீழ வெள்ளையா வட்டமா ஒரு முட்டைப் பையைக் கட்டிக்கிட்டு ஓடுமே, அது டரான்டுலா இல்லை. கரப்பான்பூச்சியைப் பிடிச்சுத் தின்னுற பரம சாது அது. டரான்டுலா வேற குடும்பம். உடம்பு தடிமனா, ரோமம் அடர்த்தியா, பல்லு ரெண்டும் கீழ்நோக்கிக் குத்துற மாதிரி இருக்கும். இன்னொரு கூத்து, 'டரான்டுலா'ங்கற பேரே இரவல். இத்தாலியில டாரன்டோன்னு ஒரு ஊர். அங்கே கடிபட்டவங்க மேளம் கொட்டி ஆடினா விஷம் இறங்கும்னு ஒரு காலத்துல நம்பினாங்க. அந்த ஊர்ச் சிலந்தி வேற இனம். அமெரிக்கா போன ஐரோப்பியர்கள் அங்கே பார்த்த பெரிய ரோமச் சிலந்திக்கு அந்தப் பேரை ஒட்டவெச்சாங்க, அது அப்படியே நிலைச்சிடுச்சு.

பாருங்க, சிலந்தி கடிச்ச மனுஷனுக்கு வைத்தியம்ங்கற கதை பல நூறு வருஷமா இருக்கு. அடிபட்ட சிலந்திக்கு மனுஷன் வைத்தியம் பார்த்த கதை நேத்து ஆரம்பிச்சது.

*

அந்தக் கதைக்கு நம்ம ஊர்ல ஒரு சட்ட வாசல் இருக்கு. திறந்து வெச்சது திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை உருவாக்கின ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரா போனவங்க, பிராணிகள் வதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தாங்க. அரசாங்கமே சட்டம் கொண்டு வரும்னு நேரு உறுதி கொடுத்ததும் அதைத் திரும்பப் பெற்றாங்க. 1960-ல மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962-ல விலங்குகள் நல வாரியம் அமைஞ்சது. முதல் தலைவர் இவங்களேதான். ரொம்ப வருஷம் வாரியத் தலைமையகம் சென்னையில இருந்துச்சு, அப்புறம் ஹரியானாவுக்குப் போயிடுச்சு.

அந்தச் சட்டத்துல 'விலங்கு'ன்னா என்னன்னு ஒரு வரையறை இருக்கு. மனுஷனைத் தவிர உயிருள்ள எதுவும் விலங்குதான். அவ்வளவே! நாய், மாடு, குதிரைன்னு பட்டியல் போடலை. முதுகெலும்பு இருக்கணும்னு நிபந்தனை இல்லை. மூணாவது பிரிவுல, ஒரு உயிரைத் தன் பொறுப்புல வெச்சிருக்கிற ஆள் அதோட நலனுக்கு வேண்டியதைச் செய்யணும், தேவையில்லாத வலி வராம பார்த்துக்கணும்னு கடமையும் போட்டிருக்கு. எட்டுக்காலுக்கும் அது பொருந்தும். ஆனா சட்டத்துல இருக்குங்கறதுக்காக வைத்தியம் வந்துடுமா? கடமை இருக்குன்னு சட்டம் சொல்லும், எப்படிச் செய்யறதுன்னு யாராவது கத்துக்கணுமே.

எங்க பக்கம் அந்தக் கத்துக்கறது படிப்படியா நடந்துச்சு. 1959-ல கேப்டன் வி. சுந்தரம் ப்ளூ கிராஸைத் தொடங்கினார். ரோட்டுல அடிபட்ட நாயைக்கூட எடுத்துக்கிட்டு ஓடலாம், அதுக்குன்னு ஒரு இடம் இருக்குங்கற எண்ணம் ஊருக்குள்ள வந்தது அதுக்கப்புறம்தான். நாய், பூனை, மாடு எல்லாம் நம்ம கண்ணைப் பார்க்கும், முனகும். பாவம்னு தோணும். கண்ணைப் பார்க்காத, முனகாத உயிருக்கு?

அங்கேதான் சேலையூர் வருது. கிழக்குத் தாம்பரத்துல இருந்து நடந்தே போயிடலாம். 1937-ல தாம்பரத்துக்கு மாறின கிறித்தவக் கல்லூரி வளாகத்துல இன்னிக்கும் மிச்சமிருக்கற புதர்க்காடு அந்தப் பழைய சேலையூர்க் காட்டோட துண்டுதான். ரோமுலஸ் விட்டேகர் தன் பாம்புப் பண்ணையை முதல்ல போட்டது இந்தச் சேலையூர்லதான், கிண்டியில இல்லை. கிண்டிக்கு 1972-ல போனது. பிறப்பால அமெரிக்கரான அவர் மயாமியில பில் ஹாஸ்ட் நடத்தின பாம்புப் பண்ணையில வேலை பார்த்துத் தொழில் கத்துக்கிட்டு வந்தவர். இங்கே அவருக்கு வாத்தியார்கள் இருளர்கள். தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடிச்சுக்கிட்டிருந்த மக்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தோல் ஏற்றுமதித் தடையும் அவங்க பிழைப்பை முடக்கினப்போ, 1978-ல வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பாம்பைக் கொல்லாம விஷம் எடுத்து, திரும்பக் காட்டுல விடற முறை. நாட்டுல பாம்புக்கடி மருந்துக்குப் போற விஷத்துல பெரும் பங்கு இவங்க கையால எடுத்தது. 2023-ல செங்கல்பட்டு மாவட்ட இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, அடிச்சுக் கொல்ற பிராணின்னு ஊரே முடிவு பண்ணின ஒண்ணுக்கு என்ன தீனி, எவ்வளவு தண்ணி, சட்டை உரிக்கும்போது எப்படி விடணும், வாயில புண்ணு வந்தா எப்படித் தெரியும்னு பொறுமையா கத்துக்கிட்ட ஒரு இடம் நம்ம ஏரியாவுலயே இருந்துச்சு. நாயில இருந்து பாம்பு வரைக்கும் வந்தாச்சு. அடுத்த படி சிலந்தி. அதைக் கத்துக்கிட்டது வேற நாட்டு ஆட்கள்.

*

அர்க்கன்சா பல்கலைக்கழகத்துல வில்லியம் பேர்க்னு ஒரு பூச்சியியல் பேராசிரியர். 1920-கள்லயே டரான்டுலாவைக் கூண்டுல வெச்சு வருஷக்கணக்கா பார்த்தவர். விஷம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கத் தன்னையே கடிக்க விட்ட ஆள்! பெண் சிலந்தி 20 வருஷத்துக்கு மேலயும் வாழும்னு உலகத்துக்குத் தெரிஞ்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1958-ல 'தி டரான்டுலா'ன்னு ஒரு புஸ்தகமும் போட்டார். இதோட பங்காளி இனம் ஒண்ணு ஆஸ்திரேலியாவுல '16-ம் நம்பர்'னு பேர் வாங்கினது. பார்பரா யார்க் மெய்ன் 1974-ல இருந்து கண்காணிச்ச பொறிக்கதவுச் சிலந்தி. 2016-ல குளவி கொட்டிச் சாகும்போது அதுக்கு வயசு 43. நம்மாளுங்க பலர் பதிவு எழுத வந்து ஓஞ்சு போன காலத்தை விட அதிகம் :-)

20 வருஷம் கூட இருக்கப் போற உயிருன்னு தெரிஞ்சதும்தான் வைத்தியம்ங்கற பேச்சே வருது.

அந்த வைத்தியத்தோட அடிப்படை ஒரே விஷயம்: சிலந்தி நடக்கறது ஹைட்ராலிக் முறையில. காலை மடக்க அதுக்குத் தசை இருக்கு. ஆனா ரெண்டு முக்கிய மூட்டுகள்ல காலை நீட்டத் தசை கிடையாது. ரத்தத்தை அழுத்தி உள்ளே தள்ளித்தான் நீட்டணும். ஜேசிபி கை நீளுற மாதிரி வெச்சுக்குங்களேன். 1944-ல எல்லிஸ்னு ஒருத்தர் இதைப் பத்தி எழுதினார். 1959-ல பாரி, பிரவுன்னு ரெண்டு பேர் அழுத்தத்தை அளந்தே காட்டினாங்க. அந்த ரத்தத்துல இரும்புக்குப் பதிலா செம்பு, அதனால ஆக்சிஜன் சேர்ந்தா லேசா நீலம்.

இது புரிஞ்சா மிச்சம் எல்லாம் தானா புரியும். சிலந்தி கால் எட்டையும் உடம்புக்கு அடியில சுருட்டிக்கிட்டுக் கிடந்தா அழுத்தம் போயிடுச்சுன்னு அர்த்தம். தண்ணி வத்தியிருக்கலாம், எங்கேயோ ஒழுகிக்கிட்டு இருக்கலாம், சாகவும் போகலாம். ஒரு காலத்துல வளர்க்கறவங்க ஈரத்தாள் விரிச்ச டப்பாவுல போட்டு 'ஐசியூ'ன்னு பேர் வெச்சாங்க. இப்போ அனுபவசாலிகள் பலர், ஈரமும் சூடுமா அடைச்சு வெச்சா கிருமிதான் வளரும், ஆழமில்லாத தண்ணியில வாய் படற மாதிரி முன்பக்கத்தை வெச்சாலே போதும்ங்கறாங்க. அதே மாதிரி, மண்ணுல வாழற தடிச்ச டரான்டுலா ரெண்டு அடி உயரத்துல இருந்து விழுந்தாலே வயிறு கிழியலாம். கிழிஞ்சா ரத்தம் மட்டுமா போகுது, நடையும் சேர்ந்து போகுது. முதலுதவி என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. சமையலறை கார்ன்ஃப்ளார் மாவைத் தூவி உறைய விடறது. இல்லைன்னா ஃபெவிக்விக் மாதிரி பசையில ஒரு சொட்டு. அதுவும் மூட்டுல படக்கூடாது, வயித்துக்கு அடியில இருக்கற மூச்சுப் பைகள் மேல படவே கூடாது.

காலே நசுங்கிப் போனா? சிலந்தியே அதை இடுப்பு மூட்டுக்கிட்ட கழட்டி விட்டுடும். அங்கே சட்டுனு அடைச்சுக்கும். அடுத்தடுத்து சட்டை உரிக்கும்போது புதுக் கால் முளைக்கும். முதல்ல குச்சியா, அப்புறம் சரியான அளவுக்கு. சட்டை உரிக்கறதுதான் அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி. பெரிய கண்டமும் அதுவே. மல்லாக்கப் படுத்துக்கிட்டு மணிக்கணக்கா அசையாம கிடக்கும். செத்துப் போச்சுன்னு குப்பையில போட்ட கதையும் உண்டு, உதவி பண்றேன்னு திருப்பிப் போட்டுக் கொன்ன கதையும் உண்டு. கால் சுருண்டு குப்புறக் கிடந்தா ஆபத்து. மல்லாந்து கிடந்தா கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கணும். புதுப் பல்லு கெட்டியாக நாளாகும், அதுவரைக்கும் தீனியும் போடக்கூடாது. போட்ட வெட்டுக்கிளி சிலந்தியைக் கடிச்சுடும்.

நம்ம ஊர்ச் சூழலுக்குன்னு ஒரு ஆபத்தும் இருக்கு. கொசு மருந்து. புகை வண்டி தெருவுல வந்தாலும் சரி, வீட்டுக்குள்ள ஸ்ப்ரே அடிச்சாலும் சரி, கொசுவைக் கொல்ற பைரித்ராய்டு வகை மருந்து சிலந்தியையும் விட்டு வைக்காது. நடுங்கி, கால் இழுத்துக்கிட்டுச் சாகும். அதுக்கு மாற்று மருந்து கிடையாது.

*

இப்போ சான்றிதழுக்கு வருவோம். வளர்க்கற சிலந்திகளுக்கு ஒரு வியாதி ரொம்ப நாளா தெரியும். தீனி எடுக்காது, வாயைச் சுத்தி வெள்ளையா கூழ் மாதிரி படியும், கால் நுனியில தள்ளாடி நடக்கும். காரணம் கண்ணுக்குத் தெரியாத உருளைப்புழுக்கள். 2022-ல கலிஃபோர்னியாவுல, ரிவர்சைட் பல்கலைக்கழகத்துல ஆட்லர் டில்மன் குழு வளர்ப்பு டரான்டுலாக்களைக் கொன்ன அப்படி ஒரு புழுவைப் புது இனம்னு அறிவிச்சாங்க. பேரு 'டரான்டோபீலஸ் ஜெஃப்டேனியல்ஸி'. 'அரக்னோஃபோபியா' படத்துல சிலந்திகளோட சண்டை போட்ட நடிகர் ஜெஃப் டேனியல்ஸ் நினைவா! வேடிக்கையான பேரு, கொடூரமான வியாதி. பல்லு வேலை செய்யாம, மாசக்கணக்குல பட்டினி கிடந்து சாகும். நம்பகமான மருந்து எதுவும் இல்லை. வந்ததைத் தனியா ஒதுக்கி வெச்சு மத்ததைக் காப்பாத்தறது ஒண்ணுதான் வழி.

அந்த 107-ஐத் திருப்பி அனுப்பச் சொன்ன துறையோட சென்னை நிலையம் நம்ம பள்ளிக்கரணையிலதான் இருக்கு. ஒதுக்கி வைக்கறதுதான் அவங்க வேலையே. சான்றிதழ் கேட்டது வெறும் பேப்பர் சமாச்சாரம் இல்லைன்னு இப்போ புரியுதா? அருப்புக்கோட்டை வீட்டுப் பெட்டியில இருந்து ஒண்ணு தப்பிச்சாலோ, பெட்டி மண்ணைக் கொல்லையில கொட்டினாலோ, புழுவும் கூடவே வெளியில வரலாம். வெளியில யாரு இருக்கா? அதைச் சொன்னாத்தான் இந்தக் கதை முழுசாகும்.

நம்ம மரத்துச் சிலந்தி இருக்கு. லண்டன் அருங்காட்சியகத்துல உட்கார்ந்து இந்தியச் சிலந்திகளை வகை பிரிச்ச போகாக், 1899-ல 'பொய்சிலோதீரியா ரீகாலிஸ்'னு ஒரு இனத்துக்குப் பேர் வெச்சார். மாதிரி கிடைச்ச ஊர் எது தெரியுமா? அரக்கோணம்! செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வழியா ரயில் ஏறினா நமக்கு அடுத்த வீடு. மரப்பொந்துல வாழும், காலை விரிச்சா முக்கால் சாண், சாம்பல்லயும் வெள்ளையிலயும் கோலம் போட்ட மாதிரி உடம்பு, மிரட்டும்போது முன்னங்காலுக்கு அடியில பளிச்சுனு மஞ்சள். அதே 1899-ல ஆந்திராவுல குத்தியில கிடைச்ச நீல நிறச் சிலந்திக்கும் அவர்தான் பேர் வெச்சார். அது மறுபடி கண்ணுல பட 2001 ஆச்சு. 2004-ல ராமேஸ்வரத்துல அனுமன் கோயில் தோப்புல கிடைச்ச இனத்துக்குக் கோயில் பேரையே வெச்சாங்க. யாழ்ப்பாணம் போற வழியில மாங்குளத்துல, போர் முடிஞ்ச சமயம் கண்டுபிடிச்ச இன்னொரு இனம், பழைய ஆஸ்பத்திரி டாக்டர் குவார்ட்டர்ஸ்ல குடியிருந்துச்சு. காடு போனப்புறம் மரப்பொந்துக்குப் பதிலா ஆஸ்பத்திரி. என்னத்தைச் சொல்ல?

இந்த இனங்களோட அழகே அதுங்களுக்கு எமன். அரக்கோணத்துச் சிலந்தி இன்னிக்கு ஐரோப்பிய, அமெரிக்க வளர்ப்பாளர்கள் வீட்டுல சர்வ சாதாரணம். அதுக்கு என்ன வியாதி வரும், எப்போ சட்டை உரிக்கும், எந்த ஈரம் ஒத்துக்கும்னு அவங்க விரல் நுனியில வெச்சிருக்காங்க. பிறந்த ஊர்க்காரங்க நாம செருப்பைத் தேடறோம், இல்லைன்னா போலந்துல இருந்து மெக்சிகோ சிலந்தியை வரவழைக்கிறோம்!

சட்டம் மெதுவா வந்துக்கிட்டு இருக்கு. மெக்சிகோ சிலந்தி ஒண்ணு 1985-லயே 'சைட்டிஸ்' உலக வணிக ஒப்பந்தப் பட்டியல்ல ஏறினது. நம்ம பொய்சிலோதீரியாக்கள் ஏறினது 2019-ல. ஒப்பந்தப் பட்டியல் உயிரினங்களை நம்ம வனவிலங்குச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்த திருத்தம் 2022-ல நிறைவேறி, 2023 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு உயிரை வெச்சிருக்கறவங்க பதிவு பண்ணணும்னு 2024 பிப்ரவரியில விதியும் வந்தாச்சு. அதனால யாராவது 'கேரள நண்பர் ஒரு குட்டி தர்றேன்னார்'னு சொன்னா, குப்பிக்கு முன்னாடி பேப்பரைக் கேளுங்க.

ருக்மிணி தேவி காலத்துல வந்த வரையறைக்கு எட்டுக்காலும் அடங்கும்னு சொன்னேன். அதை நிறைவேத்த நாம எல்லாரும் கார்ன்ஃப்ளாரும் கையுமா அலையணும்னு இல்லை. வளர்க்கறவங்களுக்கு அந்த அறிவு வேணும், கட்டாயம் வேணும். மத்தவங்களுக்கு? பாம்பு விஷயத்துல சேலையூர்ல கத்துக்கிட்ட அதே பாடம்தான். என்னன்னு தெரிஞ்சுக்க, அடிக்காதே, அதோட இடத்துல விடு. வண்டலூர்ப் பக்கமோ நன்மங்கலம் பக்கமோ மரப்பொந்துல ரோமக்காலோட ஒண்ணைப் பார்த்தா கையை விடாதீங்க. பொய்சிலோதீரியா கடிச்சா தசை பிடிச்சு இழுத்து நாள்கணக்குல படுத்தும்னு 2014-ல வந்த மருத்துவ ஆய்வு சொல்லுது, செத்ததா ஆதாரம் இல்லை. கடிபட்டா டாக்டர்கிட்ட போங்க, மந்திரிக்கப் போகாதீங்க. வீட்டுக்குள்ள வந்துட்டா ஒரு டப்பாவைக் கவுத்து, அடியில அட்டையைச் செருகி, மரத்தடியில விட்டுடுங்க. பட்ட மரம்னு பழைய புளியமரத்தை வெட்டறதுக்கு முன்னாடி பொந்தை ஒரு தடவை பாருங்க. அந்த மரத்தை விட்டு வெச்சா, அதுக்கு நாம வைத்தியமே பார்க்க வேண்டியதில்லை.

டிஸ்கி: கிண்டிக்குப் போறதுக்கு முன்னாடி சேலையூர்ல பாம்புப் பண்ணையைப் பார்த்த பெரியவங்க உங்க வீட்டுல யாராவது இருந்தா, எந்தத் தெரு, எப்படி இருந்துச்சுன்னு கேட்டு பின்னூட்டத்துல போடுங்க. அடுத்த பதிவுக்கு ஆகும்.